ரோலக்ஸ் லேண்ட்-ட்வெல்லர்: மூவ்மெண்ட்டுக்கு நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு, டயலுக்கு ஜஸ்ட் பாஸ்

ரோலக்ஸோட 2025 புது வாட்ச் எல்லாத்தையும் பத்தி எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா எப்படியும் முக்கால்வாசி லேண்ட்-ட்வெல்லர்தான் இருக்கப் போகுது, அதனால முதல்லயே சொல்லிடறேன். 2025 ஏப்ரல் 1ம் தேதி ஜெனீவாவுல வாட்சஸ் அண்ட் வொண்டர்ஸ் கண்காட்சி ஆரம்பிச்ச அன்னிக்கு இத வெளிய விட்டாங்க, அன்னிக்கு தேதியே அப்படின்றதால பாதி பேர் போட்டோவ பாத்துட்டு ஏப்ரல் ஃபூல்னே நெனச்சாங்க. 1967ல கடலுக்கு சீ-ட்வெல்லர், 2012ல வானத்துக்கு ஸ்கை-ட்வெல்லர், இப்ப நிலத்துக்கு ஒண்ணு. வருஷா வருஷம் டயல் கலர மாத்திட்டு "புது வாட்ச்"னு சொல்ற கம்பெனி, திடீர்னு புது கேஸ் (வெளிக்கூடு), புது பிரேஸ்லெட், புது மூவ்மெண்ட் (உள்ள ஓடற மெஷின்), அதுக்குள்ள புது எஸ்கேப்மெண்ட்னு எல்லாத்தையும் ஒரே வாட்ச்ல கொண்டு வந்தா ஆர்வலர்ங்க என்ன பண்ணுவாங்க? சண்டை போடுவாங்க. அதுதான் நடந்துச்சு, இன்னும் நடந்துக்கிட்டு இருக்கு.

என் கட்சி என்னன்னு இப்பவே சொல்றேன். இந்த வாட்ச்சோட உள்பக்கம் இவங்க பல வருஷமா செஞ்சதுலயே பெஸ்ட், ஆனா அத மூடி வெச்சிருக்கற முகம் இருக்கே, அது தேவைக்கு மேல பேசுது. ஜனங்க சண்டை முழுக்க அந்த முகத்த வெச்சுதான் போகுது, உள்ள இருக்கறத பத்தி பேசறவங்க ரொம்ப கம்மி. அதான் எனக்கு கடுப்பு.

சரி, மொதல்ல முகம். 40 மில்லிமீட்டர்லயும் 36 மில்லிமீட்டர்லயும் வருது, மெட்டல் மூணு வகை: ஒயிட் ரோலசர், அதாவது ஸ்டீல் பாடிக்கு மேல ஒயிட் கோல்ட்ல ஃப்ளூட்டட் பெசல் (டயல சுத்தி வரிவரியா பட்டை சீவின வளையம்), அப்புறம் எவரோஸ் கோல்ட்னு அவங்களோட ரோஸ் கோல்ட், அப்புறம் பிளாட்டினம். வைரம் வெச்ச பெசலும் உண்டு, அத பத்தி எனக்கு சொல்ல ஒண்ணும் இல்ல. கேஸும் பிரேஸ்லெட்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டின மாதிரி, இண்டக்ரேட்டட் டிசைன். இத பாத்ததும் ஒரு கூட்டம் "டிஸ்ஸோ பிஆர்எக்ஸுக்கு ஃப்ளூட்டட் பெசல் போட்டு விட்டுட்டாங்கடா"ன்னு கலாய்க்க ஆரம்பிச்சுது. சில நூறு டாலருக்கு கெடைக்கற வாட்ச்சோட பதினஞ்சாயிரம் டாலர் வாட்ச்ச சேத்து வெச்சு மீம் போட்டா சிரிப்பு வரத்தான் செய்யும், நானும் சிரிச்சேன். இன்னொரு கூட்டம் "இது ஆடெமார் பிகேயோட ராயல் ஓக் காப்பி"ன்னுச்சு.

காப்பின்னு சொல்றவங்களுக்கு மட்டும் ஒரு பதில். டிசைனர் ஜெரால்ட் ஜெண்டா வரைஞ்ச ராயல் ஓக் வந்தது 1972, பாத்தெக் ஃபிலிப் கம்பெனியோட நாட்டிலஸ் 1976. ரோலக்ஸ் 1970லயே 5100னு ஒரு தங்க வாட்ச்ச இண்டக்ரேட்டட் பிரேஸ்லெட்டோட விட்டுச்சு, உள்ள பீட்டா 21னு பேட்டரில ஓடற குவார்ட்ஸ் மூவ்மெண்ட், சுவிஸ் கம்பெனிங்க பலது ஒண்ணா சேந்து பண்ணது. அப்புறம் 70கள் நடுவுல 1630னு ஒரு ஆட்டோமேட்டிக் டேட்ஜஸ்ட் (ரோலக்ஸோட தேதி காட்டற மாடல்) வந்துச்சு, அதே பாடி ஷேப்லதான் 1977ல ஓய்ஸ்டர்குவார்ட்ஸ் வந்துச்சு. லேண்ட்-ட்வெல்லரோட கேஸ பக்கவாட்டுல பாத்தீங்கன்னா அந்த ஓய்ஸ்டர்குவார்ட்ஸோட தம்பின்னு கண்ண மூடிட்டு சொல்லிடலாம், அந்த நேர்கோடு, ஓரத்துல பளபளன்னு சீவின பட்டை, எல்லாம் அங்க இருந்து வந்ததுதான். அதனால இவங்க யார் வீட்டுக்குள்ளயும் பூந்து திருடல, சொந்தப் பரண்ல கெடந்தத எடுத்து தொடச்சிருக்காங்க. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்க, காப்பின்னு சொல்லாதீங்க.

அடுத்து அந்த டயல். தேன்கூடு டிசைன், அறுகோணம் அறுகோணமா, லேசர்ல வெட்டினது. அதுக்கு மேல 6, 9 ரெண்டு எண் பெருசா, உள்ள இருட்டுல ஒளிர்ற லூம் ரொப்பி, 3 இருக்க வேண்டிய எடத்துல தேதி, தேதிக்கு மேல அத பெருசாக் காட்டற சைக்ளாப்ஸ் லென்ஸ், சுத்தி ஃப்ளூட்டட் பெசல், கீழ பாலிஷ் பண்ண நடு லிங்க். ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்தா குத்தம் சொல்ல முடியாது, செய்நேர்த்தி அப்படி, ஆனா எல்லாம் ஒரே எடத்துல கூடும்போது எனக்கு என்ன தோணுச்சுன்னா இத வரைஞ்சவர்கிட்ட "போதும் நிறுத்துப்பா"ன்னு சொல்ல யாருமே பக்கத்துல இல்லையான்னுதான். டெக்ஸ்சர் டயல், ஃப்ளூட்டட் பெசல், பெரிய எண்ணு, இந்த மூணுல எதையாவது ஒண்ண விட்டிருந்தா கூட போதும். ஆனா ஒயிட் ரோலசர்ல வேற டயலே கெடையாது, வெள்ளை தேன்கூடு மட்டும்தான். எவரோஸ்லயும் வெள்ளைதான். பிளாட்டினம்ல மட்டும் ஐஸ் ப்ளூ, அது அவங்க பிளாட்டினத்துக்குன்னே ஒதுக்கி வெச்சிருக்கற கலர்ன்றது தெரிஞ்சவங்களுக்கு தெரியும். பிளைன் கருப்பு டயல் ஒண்ணு விட்டிருந்தா பாதி சண்டை அன்னிக்கே முடிஞ்சிருக்கும்.

போட்டோவுல பாத்து திட்டினவங்க நேர்ல பாத்து கொஞ்சம் எறங்கி வந்தாங்கன்றதையும் சொல்லணும். என் கஸின் ஒருத்தன் துபாய்ல இருக்கான், அவனுக்கு 40 மில்லிமீட்டர் ஒயிட் ரோலசர் கெடச்சிடுச்சு, எப்படி கெடச்சுதுன்னு கேக்காதீங்க, அவனோட வாட்ச் கடை பில்லெல்லாம் சேத்தா ஒரு கார் வாங்கலாம். லீவுக்கு வந்தப்ப ஒரு சாயங்காலம் முழுக்க அத என் கையில மாட்டிக்கிட்டு கழட்டாம உக்காந்திருந்தேன். நிழல்ல அந்த தேன்கூடு கிட்டத்தட்ட காணாமலே போயிடுது, வெறும் வெள்ளை டயல் மாதிரிதான் தெரியுது. ஜன்னல் பக்கம் கைய திருப்பினா ஒரு கோடு வெளிச்சம் அறுகோணத்து ஓரம் ஓரமா ஓடிட்டு போகுது, அப்ப பெசல்ல இருக்கற பட்டையும் சேந்து மின்னுது. டேட்ஜஸ்ட் பெசல்ல இருக்கறத விட இதுல பட்டை கொஞ்சம் அகலம், அது நல்ல முடிவு, பொடிப்பொடியா மின்னாம பட்டையா மின்னுது. போட்டோவுல பாத்தத விட நேர்ல நிச்சயமா பரவாயில்ல. ஆனா டியூப்லைட் வெளிச்சத்துல அந்த 6ம் 9ம் மட்டும் "நான் இருக்கேன் நான் இருக்கேன்"னு முன்னாடி வந்து நிக்குது, அத என்னால கடைசி வரைக்கும் மன்னிக்க முடியல.

கையில உக்கார்ற விதத்துக்கு மட்டும் முழு மார்க் போட்டுடலாம். மொத்த தடிமன் 9.7 மில்லிமீட்டர், தேதியும் 100 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்சும் இருக்கற ஒரு ஆட்டோமேட்டிக் ரோலக்ஸ்க்கு இது ரொம்ப ஒல்லி, முழுக்கை சட்டை கஃப்புக்குள்ள தானா நழுவிப் போகுது. பிரேஸ்லெட்டுக்கு ஃபிளாட் ஜூபிலின்னு பேர், பழைய ஜூபிலி மாதிரி உருண்டை உருண்டையா இருக்காது, தட்டையா அஞ்சு பட்டை, நடு பட்டை மட்டும் லேசா மேல எழும்பி பாலிஷ். முடியை இழுக்கல, இதுக்கு முன்னாடி மெட்டல் ஸ்ட்ராப் போட்டு கை ரோமம் பிடுங்கி அவஸ்தைப்பட்டவங்களுக்கு அதோட அருமை தெரியும். ஆனா ஒண்ணு, என் மணிக்கட்டு ஆறே முக்கால் இன்ச்தான், இண்டக்ரேட்டட் வாட்ச்ல முதல் லிங்க் வெளிய நீட்டிட்டுதான் அப்புறம் கீழ எறங்குது, அதனால 40ன்றது பாக்க 42 மாதிரி தெரியுது. 36 எனக்கு சரியா இருக்கும்னு தோணுது. "36 லேடீஸ் சைஸ்"னு இன்னும் சொல்லிட்டு திரியறவங்க தாத்தாவோட கல்யாண போட்டோவ எடுத்து அவர் கையில என்ன சைஸ் இருக்குன்னு பாத்துட்டு வாங்க.

கிளாஸ்ப்தான், அதாவது பிரேஸ்லெட்ட மாட்டற கொக்கிதான், பிரச்சினை. மறைஞ்சிருக்கற கிரவுன்கிளாஸ்ப், மூடினா எங்க தொறக்கறதுன்னே தெரியாது, ஒரு சின்ன கிரீடம் மட்டும் மேல நிக்கும், அழகுதான். ஆனா வெயில்ல கை வீங்கினா கொஞ்சம் தளர்த்திக்க ஈஸிலிங்க் கெடையாது. சாதா ஓய்ஸ்டர் பிரேஸ்லெட்ல அஞ்சு மில்லிமீட்டர் நீட்டிக்கற வசதி வெச்சு பல வருஷம் ஆச்சு, அத விட விலை ஜாஸ்தியான இதுல இல்ல. ஜெனீவா குளிர்ல உக்காந்து டிசைன் பண்றவங்களுக்கு இது தோணாது போல, நம்ம ஊர் மே மாசத்துல மத்தியானம் ரெண்டு மணிக்கு போட்டுட்டு வெளிய வந்தா தெரியும் சேதி. இத நான் ஒரு சின்ன குறைன்னு எடுத்துக்க மாட்டேன்.

இப்ப மெயின் மேட்டருக்கு வர்றேன், வாட்ச்ச திருப்புங்க. பின்னாடி கண்ணாடி. ஸ்டீல் பாடி ரோலக்ஸ்ல பின்பக்கம் கண்ணாடின்றதே பழைய ஆளுங்களுக்கு அதிர்ச்சி, "மூவ்மெண்ட்ட நீங்க பாக்க வேண்டியதில்ல, ஓடுதான்னு மட்டும் பாருங்க"ன்னு இத்தனை வருஷம் மூடியே வெச்சிருந்த கம்பெனி இது. உள்ள காலிபர் 7135ன்ற மூவ்மெண்ட், தங்க ரோட்டர் (கை ஆட ஆட சுத்தி வாட்ச்ச வைண்ட் பண்றது), அதுலயும் நடுவுல வெட்டி விட்டிருக்காங்க, அதுக்கு கீழ கோடு கோடா கோட் த ஜெனீவ் அலங்காரம். பாத்தெக்க பக்கத்துல வெச்சு "ஃபினிஷிங் கம்மி"ன்னு சொல்றவங்க இருக்காங்க, வாஸ்தவம், கையால சீவினது இல்ல இது, மெஷின்ல பண்ணது. ஆனா இங்க பாக்க வேண்டியது அலங்காரத்த இல்ல, எஸ்கேப்மெண்ட்ட.

கொஞ்சம் டெக்னிக்கலா போறேன், பொறுத்துக்கங்க. சாவி குடுத்து ஓடற வாட்ச், தானா வைண்ட் ஆகற வாட்ச், எதுவா இருந்தாலும் நூத்துக்கு தொண்ணூத்தொன்பதுல இருக்கறது சுவிஸ் லீவர் எஸ்கேப்மெண்ட். ஸ்பிரிங்ல இருந்து வர்ற சக்திய கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு, முன்னும் பின்னும் ஆடி நேரத்த அளக்கற பேலன்ஸ் வீலுக்கு தட்டிக் குடுக்கற வேலை அதோடது. எஸ்கேப் வீலோட பல்லு, நங்கூரம் மாதிரி இருக்கற ஃபோர்க்கோட ரூபி கல்லு மேல வழுக்கிட்டு போகும், அந்த வழுக்கல்லதான் சக்தி வீணாகுது, அங்க எண்ணெய் வேணும், எண்ணெய் வருஷம் ஆக ஆக கெட்டியாகும், டைம் தப்பும், சர்வீஸ்க்கு குடுக்கணும். பீரோவ தரையில இழுத்துட்டு போறதுக்கும் அடியில உருளை வெச்சு தள்றதுக்கும் எவ்ளோ வித்தியாசமோ, சுவிஸ் லீவருக்கும் இவங்க இப்ப கொண்டு வந்திருக்கற டைனபல்ஸுக்கும் அவ்ளோ வித்தியாசம். டைனபல்ஸ்ல ரெண்டு டிஸ்ட்ரிபியூஷன் வீல், ஒண்ணோட ஒண்ணு பல்லு கோத்து எதிர் எதிரா சுத்துது, ரெண்டும் மாறி மாறி நடுவுல இருக்கற ஒரு சின்ன ராக்கர தள்ளுது, அந்த ராக்கர் பேலன்ஸ ஆட்டுது. வழுக்கறது போய் உருள்றது வந்துடுச்சு. எல்லாம் சிலிக்கான், அதனால காந்தத்துக்கும் பயம் இல்ல. சுவிஸ் லீவரோட ஒப்பிட்டா 30% சக்தி மிச்சம்னு கம்பெனி சொல்லுது.

அந்த மிச்சத்த வெச்சு என்ன பண்ணாங்கன்றதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது. மத்த ரோலக்ஸெல்லாம் 4 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு எட்டு துடிப்பு. இது 5 ஹெர்ட்ஸ், செகண்டுக்கு பத்து. வேகமா ஓடினா சார்ஜ் சீக்கிரம் தீரணும் இல்லையா, ஆனா இதுல பவர் ரிசர்வ் 66 மணி நேரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் கழட்டி வெச்சா திங்கக்கிழமை காலையில ஓடிட்டுத்தான் இருக்கும். இதே தடிமன் குடும்பத்துல இருக்கற 1908ன்ற டிரெஸ் வாட்ச் மாடலோட 7140 மூவ்மெண்ட்டுக்கும் 66 மணி நேரம்தான், அது 4 ஹெர்ட்ஸ். அதாவது வேகத்த கூட்டியும் டேங்க் கொறையல. பேலன்ஸ் வீலோட அச்ச (பேலன்ஸ் ஸ்டாஃப்) செராமிக்ல பண்ணிருக்காங்க, அந்த வீல ஆட வைக்கற மெல்லிசு ஸ்பிரிங் (ஹேர்ஸ்பிரிங்) அவங்களோட சைலாக்ஸி சிலிக்கான். ஒரு நாளைக்கு ரெண்டு செகண்டு கூடவோ கொறையவோ ஓடலாம்ன்ற அவங்க வழக்கமான கணக்குக்கு இதுவும் உட்பட்டதுதான். செகண்ட் முள்ளு போறத பக்கத்துல வெச்சு பாத்தேன், என் பழைய வாட்ச்ல முள்ளு லேசா நடுங்கிட்டு போற மாதிரி தெரியும், இதுல அது கொஞ்சம் வழுவழுன்னு இருக்கு. சத்தியமா சொல்லணும்னா தெரியாதவங்களுக்கு தெரியாது.

"இதுல என்ன புதுசு, ரெண்டு வீல் எஸ்கேப்மெண்ட் பிரெகே காலத்துலயே இருக்கே"ன்னு ஒரு வாதம் ஓடுது. உண்மைதான், வாட்ச் மேதை பிரெகே இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே நேச்சுரல் எஸ்கேப்மெண்ட்னு முயற்சி பண்ணாரு, அது நேரா பேலன்ஸ தள்ளும், இது ராக்கர் வழியா தள்ளுது, அது ஒரு வித்தியாசம். உலீஸ் நார்டான் கம்பெனி 2001லயே ஃப்ரீக் வாட்ச்ல சிலிக்கான் போட்டு ரெண்டு வீல் ஓட்டிக் காட்டிட்டாங்க. லோரன் ஃபெரியே, காரி வூட்டிலைனன் மாதிரி ஆளுங்க கையால கொஞ்சம் கொஞ்சமா பண்ணிட்டுத்தான் இருக்காங்க. ஜப்பானோட கிராண்ட் சீக்கோவும் 2020ல 9எஸ்ஏ5 மூவ்மெண்ட்ல டூயல் இம்பல்ஸ் எஸ்கேப்மெண்ட், 5 ஹெர்ட்ஸ், 80 மணி நேரம்னு கொண்டு வந்தாச்சு, அத மறக்கற ரோலக்ஸ் பக்தர்கள பாத்தா எனக்கும் எரிச்சல்தான் வரும். ஆனா வருஷத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல வாட்ச் பண்றதா கணிக்கப்படற ஒரு கம்பெனி, சுவிஸ் லீவர தாண்டி வேற ஒண்ண தொழிற்சாலை அளவுல எறக்கறதுன்றது வேற லெவல் விஷயம். இதுக்கு முன்னாடி அந்த அளவுல நடந்த ஒரே பெரிய மாத்தம் ஒமேகாவோட கோ-ஆக்சியல்தான். அத கண்டுபுடிச்ச ஜார்ஜ் டேனியல்ஸ் பல சுவிஸ் கம்பெனி வாசல் ஏறி எறங்கி, கடைசியில 1999ல ஒமேகாவுலதான் அது வாட்ச்சா வந்துச்சு. இங்க இவங்க சொந்தமா பண்ணிருக்காங்க, வாட்ச் முழுக்க சேத்து 32 பேட்டண்ட் விண்ணப்பம் போட்டிருக்காங்க.

ஒரு பயமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். சிலிக்கான் பாகத்த தேய்க்கவும் முடியாது வளைக்கவும் முடியாது, உடைஞ்சா புதுசுதான். அதனால இந்த வாட்ச் வாழ்நாள் முழுக்க கம்பெனி சர்வீஸ் சென்டரதான் நம்பி இருக்கணும். முப்பது வருஷம் பழைய டேட்ஜஸ்ட்ட ஒரு நல்ல கைராசிக்கார மெக்கானிக் கிட்ட குடுத்தா கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு பிரிச்சு கழுவி எண்ணெய் விட்டு குடுத்துடுவாரு, இத அவரால தொட முடியாது. அஞ்சு வருஷ கேரண்ட்டி இருக்கு, சர்வீஸ் இடைவெளி சுமார் பத்து வருஷம்னு கம்பெனி சொல்லும், ஆனா முதல் தலைமுறை மூவ்மெண்ட் எதுவா இருந்தாலும் நாலஞ்சு வருஷம் ஜனங்க கையில ஓடினாத்தான் தெரியும். 2015ல வந்த 32 வரிசை மூவ்மெண்ட்ட பத்தி "கொஞ்ச வருஷத்துல ஸ்லோ ஆகுது"ன்னு ஆர்வலர்ங்க நடுவுல இன்னிக்கும் ஒரு முணுமுணுப்பு ஓடுதுல்ல, அது மாதிரி இதுக்கும் வராதுன்னு எவனும் எழுதிக் குடுக்கல.

மத்த புது ரிலீஸ்லாம் சட்டுபுட்டுன்னு பாத்துடலாம்.

ரோலக்ஸோட ஆரம்ப மாடலான ஓய்ஸ்டர் பெர்பெச்சுவல்ல மூணு புது கலர், மேட் லாக்கர் டயல். லேவண்டர் 28ல, மணல் கலர் 36ல, பிஸ்தா பச்சை 41ல. எனக்கு 2025 லிஸ்ட்லயே மனசுக்கு புடிச்சது அந்த மணல் கலர்தான், அடக்கமா இருக்கு, எந்த சட்டைக்கும் ஒத்துப்போகும், பக்கத்துல போய் பாத்தாத்தான் அது வெள்ளையில்லன்னே தெரியும். ஆனா பாருங்க கூத்த, பிஸ்தா வேணும்னா 41தான் வாங்கணும், மணல் வேணும்னா 36. கலரையும் சைஸையும் கட்டிப் போடற இந்த பழக்கத்துக்கு ஒரு காரணமும் இல்ல, கியூவ நீளமா வெச்சுக்கறதத் தவிர. அத விடுங்க, 41ல கேஸையும் கிளாஸ்ப்பையும் சத்தமில்லாம மெலிசாக்கி விட்டிருக்காங்க, கலர பத்தி பேசின யாரும் அத கவனிக்கல, முன்னாடி 41 கொஞ்சம் தட்டு மாதிரி இருந்துச்சு, இப்ப அந்த குறை கொறைஞ்சிருக்கு.

ரெண்டு ஊர் நேரம் காட்டற ஜிஎம்டி மாஸ்டர் 2ல ஒயிட் கோல்ட் மாடல், கிரவுன (நேரம் வெக்கற திருகு) எடது பக்கம் வெச்சு பச்சை செராமிக் டயல். ரோலக்ஸ் பெசலுக்கு பயன்படுத்தற செராமிக்க டயலுக்கே கொண்டு வந்தது இதுதான் முதல் தடவை. டெக்னிக்கலா பெரிய விஷயம்தான், செராமிக்ல அவ்ளோ மெலிசா, ஓட்டை எல்லாம் போட்டு, கலர் மாறாம எடுக்கறது சாதாரணம் இல்ல. பாக்க? ஸ்டீல்ல 2022ல வந்த பச்சை கருப்பு மாடலே போதும்னு தோணுது. எவரோஸ்ல டைகர் அயர்ன் கல்லு டயல் ஒண்ணு, ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு மாதிரி கோடு, சிவப்பும் பழுப்பும் கலந்து, அது எனக்கு புடிச்சிருந்தது, வாங்கற வசதி கண்டிப்பா இல்ல.

ஸ்டாப்வாட்ச் இருக்கற டேட்டோனால மஞ்சள் தங்கம், ரப்பர் ஸ்ட்ராப், டர்க்காய்ஸ் டயல், கருப்பு சப்டயல். 2020ல ஓய்ஸ்டர் பெர்பெச்சுவல்ல அந்த டர்க்காய்ஸ் நீலம் வந்தப்ப ஊரே பைத்தியம் புடிச்சு திரிஞ்சதும், கொஞ்ச வருஷத்துல 41 சைஸ்ல அத நிறுத்தினதும் ஞாபகம் இருக்கறவங்களுக்கு இது எதுக்குன்னு சொல்ல வேண்டியதில்ல. விக்கும். நான் திரும்பிக்கூட பாக்க மாட்டேன்.

1908க்கு செட்டிமோன்னு ஏழு பட்டை தங்க பிரேஸ்லெட். இத பத்தி யாருமே பேசல, ஆனா கையில போட்டு பாத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க, துணி மாதிரி வழியுதுன்னு. டிரெஸ் வாட்ச் பக்கம் இவங்க இப்பத்தான் சீரியஸா வர்றாங்க, பழைய டிரெஸ் வாட்ச் வரிசை செல்லினிய மூடிட்டு 2023ல 1908 ஆரம்பிச்சப்ப எனக்கு பெருசா நம்பிக்கை இல்ல, இப்ப கொஞ்சம் வந்திருக்கு.

விலைக்கு வருவோம். ஒயிட் ரோலசர் லேண்ட்-ட்வெல்லர் அமெரிக்காவுல வெளிய வந்தப்ப 36க்கு 13,900 டாலர், 40க்கு 14,900 டாலர். டேட்ஜஸ்ட் 41 ஃப்ளூட்டட் பெசலோட பக்கத்துல வெச்சா நாலாயிரம் டாலருக்கு மேல கூட. அந்த நாலாயிரம் எதுக்குன்னு கேட்டா, எனக்கு மூவ்மெண்ட்டுக்குன்னு மனசு ஒத்துக்குது, டயலுக்குன்னா ஒத்துக்கல. இதுல இன்னொரு கூத்து, கண்காட்சி ஆரம்பிச்ச மறுநாள், ஏப்ரல் 2ம் தேதி, டிரம்ப் சுவிஸ் பொருளுக்கு 31% வரின்னு அறிவிச்சாரு, ஆகஸ்ட்ல அது 39% ஆச்சு, நவம்பர்ல பேசி 15% ஆக்கினாங்க. ஜெனீவாவுல புது வாட்ச் காட்டிட்டு நின்னவங்க மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சு பாருங்க.

நம்ம ஊர்ல வாங்கறவங்களுக்கு ரெண்டு விஷயம். 2025 ஏப்ரல் 22ல இருந்து பத்து லட்சத்துக்கு மேல போற வாட்ச்சுக்கு 1% டிசிஎஸ் (விக்கறப்பவே வசூலிக்கற வருமான வரி) புடிக்கறாங்க, ரிட்டர்ன் ஃபைல் பண்ணும்போது கழிச்சுக்கலாம், ஆனா பில்லுல உங்க பான் நம்பர் ஏறும். இன்னொண்ணு, சுவிட்சர்லாந்தும் இருக்கற எஃப்டான்ற ஐரோப்பிய நாடுகள் கூட்டமைப்போட இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1ல அமலுக்கு வந்திருக்கு, சுவிஸ் வாட்ச் மேல இருக்கற சுங்க வரி வருஷா வருஷம் படிப்படியா கொறையும். அதுக்காக கடையில விலை கொறையும்னு கனவு காணாதீங்க, கம்பெனி விலைய ஏத்தி சமன் பண்ணிடும்.

அப்புறம் அந்த கியூ. எல்லாரும் கேக்கற கேள்வி, "பேர் குடுத்தா கெடைக்குமா?" பேர் குடுக்கலாம். ஒரு கடையில, எந்தக் கடைன்னு வேண்டாம், லேண்ட்-ட்வெல்லர்னு சொன்னதுமே அந்தப் பையன் சிரிச்ச சிரிப்புலயே எனக்கு பதில் தெரிஞ்சுடுச்சு, "சார் உங்க பர்ச்சேஸ் ஹிஸ்டரி"ன்னு ஆரம்பிச்சான், அதாவது வைர நகை, கைப்பை, யாரும் சீண்டாத மாடல்னு வரிசையா வாங்கி விசுவாசத்த நிரூபிச்சா யோசிப்பாங்களாம். கண்ணாடிக்குள்ள வாட்ச் இருக்கு, பக்கத்துல "காட்சிக்கு மட்டும்"னு அட்டை. காசு குடுக்கறவன் கை கட்டி நிக்கற ஒரே வியாபாரம் இதுதான். கிரே மார்க்கெட்ல, அதாவது கம்பெனி அங்கீகாரம் இல்லாத கடைங்கள்ல, உடனே கெடைக்கும், ஆனா வெளிய வந்த புதுசுல அவங்க கேட்ட விலைக்கு ரெண்டு வாட்ச்சே வாங்கலாம், அந்தப் பக்கம் போகாதீங்க, சூடு தணியட்டும்.

என் லிஸ்ட் இதுதான். 36 ஒயிட் ரோலசர லிஸ்ட் விலைக்கு கூப்பிட்டு குடுத்தா அந்த டயலோடயே வாங்கிடுவேன், மூவ்மெண்ட்டுக்காக. 40 வேண்டாம். கையில இருக்கற டேட்ஜஸ்ட்ட வித்துட்டு இதுக்கு தாவலாமான்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க, தாவாதீங்க, அது இத விட அழகான வாட்ச். பட்ஜெட் கம்மின்னா ஓய்ஸ்டர் பெர்பெச்சுவல் 36 மணல் கலருக்கு பேர் குடுத்து வைங்க. எனக்கு உண்மையில வேண்டியது இந்த 7135 மூவ்மெண்ட், ஸ்மூத் பெசல், பிளைன் டயல், ஈஸிலிங்க்கோட ஒரு கிளாஸ்ப். கம்பெனி வழக்கம் தெரிஞ்சவங்களுக்கு தெரியும், டயல் மாத்தறதுக்கு அவங்களுக்கு சோம்பேறித்தனமே கெடையாது, அதனால வேற டயல் வர்ற வரைக்கும் நான் பர்ஸ தொறக்கறதா இல்ல.